61 வயது கேப்டன்!

குழந்தைகளே, தெருவில் கிரிக்கெட் ஆட ஆள் பிரிக்கும்போது யாரை முதலில் கூப்பிடுவீர்கள்? நன்றாக அடிப்பவனை, வேகமாக ஓடுபவனை, பந்தும் மட்டையும் சொந்தமாக வைத்திருப்பவனை! (கடைசியில் சொன்ன ஆளை விட்டுவிட்டால் ஆட்டமே நடக்காதே!) அந்த நேரம் பார்த்து உங்கள் தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானும் ஆட வருவதாகச் சொன்னால் என்ன செய்வீர்கள்? சிரிப்பீர்கள்தானே?

ஆனால், 61 வயதில் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு புது அணிக்குக் கேப்டனாகப் போனவர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். அதுவும் தெருவில் அல்ல; ரஞ்சி கோப்பைப் போட்டியில்! அவர்தான் சி.கே.நாயுடு. இந்தியாவின் முதல் டெஸ்ட் கேப்டன்.

கொட்டாரி கனகையா நாயுடு என்பது முழுப்பெயர். 1895 அக்டோபர் 31ல் நாக்பூரில் பிறந்தார். வீட்டில் பேசியது தெலுங்கு. முன்னோர்கள் ஆந்திரப் பக்கத்திலிருந்து நாக்பூருக்குக் குடியேறியவர்கள். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தக் காலத்தில் பம்பாயில் ஒரு பெரிய போட்டி நடக்கும். ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் என்று மதத்தையும் இனத்தையும் வைத்து அணி பிரிப்பார்கள். இன்றைக்கு நினைத்தால் விசித்திரமாக இருக்கிறது. 1916ல் அந்தப் போட்டியில் நாயுடு முதன்முதலாக இறங்கினார். ஏழு விக்கெட் விழுந்த நிலைமை. முதல் மூன்று பந்துகளைத் தடுத்தார். நான்காவது பந்து... சிக்சர்! பெரிய ஆட்டங்களில் அவர் எடுத்த முதல் ரன்களே ஆறு ரன்கள்!

அதன் பிறகு ஊரெல்லாம் அவர் சிக்சரைப் பற்றித்தான் பேச்சு. 1926 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து எம்.சி.சி. அணி வந்தது. பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் நாயுடு 153 ரன்கள் குவித்தார். எடுத்துக்கொண்ட நேரம் இரண்டு மணிக்கும் குறைவு. அதில் 11 சிக்சர்கள்! மரத்தின் மேலும், கூரை மேலும் ஏறி உட்கார்ந்து ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். வெள்ளைக்காரர்கள் ஆட்சி நடந்த நாட்கள் அவை. அவர்களுடைய விளையாட்டில் அவர்களையே ஒருவர் இப்படி அடித்து நொறுக்கினால் மக்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த ஆட்டத்தைப் பார்த்த பிறகுதான், இந்தியர்கள் டெஸ்ட் ஆடத் தகுதியானவர்கள் என்ற எண்ணம் எம்.சி.சி. கேப்டன் கில்லிகனுக்கு வலுத்தது. இரண்டு வருடத்தில் இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியமும் உருவாகிவிட்டது.

1932 ஜூன் 25ல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்டை ஆடியது. சுற்றுப்பயணத்துக்குக் கேப்டனாகப் போனவர் போர்பந்தர் மகாராஜா. அவர் பெருந்தன்மையோடு ஒதுங்கிக்கொள்ள, நாயுடு கேப்டன் ஆனார். கையில் அடிபட்டிருந்தும் முதல் இன்னிங்சில் 40 ரன்கள் எடுத்தார். இந்தியா சார்பில் அந்த இன்னிங்சில் அதுதான் அதிகம். அதே பயணத்தில் பர்மிங்காம் நகரில் அவர் அடித்த ஒரு பந்து, பக்கத்தில் ஓடிய ரியா ஆற்றைத் தாண்டி விழுந்ததாம். அந்த ஆறுதான் இரண்டு மாவட்டங்களுக்கு எல்லை. அதனால் ஒரு மாவட்டத்தில் அடித்த பந்து அடுத்த மாவட்டத்தில் போய் விழுந்தது என்று இன்றும் வேடிக்கையாகச் சொல்கிறார்கள்!

1934 பிப்ரவரியில் நம் சென்னை சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் நடந்ததே, அதிலும் நாயுடுதான் இந்தியக் கேப்டன். அந்த ஆட்டத்தில் இந்தியா தோற்றது.

1936ல் இங்கிலாந்து போன அணிக்குக் கேப்டன் பதவி நாயுடுவுக்குக் கிடைக்கவில்லை. விஜயநகரம் இளவரசர் 'விஜ்ஜி'க்குப் போனது. விஜ்ஜி பெரிய ஆட்டக்காரர் அல்ல; பணமும் செல்வாக்கும் உள்ளவர். அந்த அணியில் சண்டையும் சச்சரவும் நிறைய. ஓவல் மைதானத்தில் நடந்த கடைசி டெஸ்டில், வேகப்பந்து ஒன்று நாயுடுவின் நெஞ்சைப் பதம் பார்த்தது. வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடி 81 ரன்கள் எடுத்தார். அதுவே அவருடைய கடைசி டெஸ்டும் ஆகிவிட்டது. ஆடிய டெஸ்டுகள் மொத்தம் ஏழுதான். அப்போது அவருக்கு வயது 40.

சரி, 40 வயதில் டெஸ்ட் முடிந்துவிட்டது. இனி வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார வேண்டியதுதானே? அங்கேதான் கதை தொடங்குகிறது!

1923லேயே இந்தூர் மகாராஜா நாயுடுவைத் தம் ஊருக்கு அழைத்திருந்தார். ஹோல்கர் சமஸ்தானப் படையில் பதவி கொடுத்தார். அதனால்தான் அவரைக் 'கர்னல் சி.கே.' என்றும் சொல்வார்கள். 1940களில் ஹோல்கர் என்ற பெயரிலேயே ரஞ்சி அணி இறங்கியது. அதற்கு நாயுடு கேப்டன். முஷ்டாக் அலி, சர்வதே, நிம்பல்கர், சொந்தத் தம்பி சி.எஸ்.நாயுடு என்று திறமைசாலிகள் சேர்ந்தார்கள். அணியைப் பட்டாளம் போலவே நடத்தினார் அவர். நேரத்துக்கு வர வேண்டும், காலணி பளபளக்க வேண்டும், அடிபட்டது என்று மைதானத்தை விட்டு நகரக் கூடாது. கண்டிப்பான வாத்தியார் மாதிரி. பையன்களுக்கு அவரிடம் பயம்தான்.

ஆனால், தான் செய்யாததை அவர் மற்றவர்களிடம் கேட்டதில்லை. 1945-46ல் மைசூருக்கு எதிராக ஹோல்கர் 8 விக்கெட்டுக்கு 912 ரன்கள் குவித்தது. அந்த ஒரே இன்னிங்சில் ஆறு பேர் சதம் அடித்தார்கள். ஆறு பேரில் ஒருவர் நாயுடு, வயது 50! அதோடு விட்டாரா? அதே வருடம் பரோடாவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் 200 ரன்கள் அடித்தார். வாழ்நாளில் அவர் எடுத்த அதிகபட்ச ரன்னே அதுதான். ஹோல்கருக்கு முதல் கோப்பை கிடைத்தது.

இன்னொரு சம்பவம் கேளுங்கள். 1951-52 இறுதிப் போட்டி, எதிரணி பம்பாய். பட்கர் வீசிய பந்து எகிறி நாயுடுவின் வாயில் பட்டது. இரண்டு பற்கள் உடைந்து ஆடுகளத்தில் விழுந்தன! ஓடி வந்தவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். பற்களை மட்டையால் ஒதுக்கித் தள்ளினார். வேகத்தைக் குறைக்காமல் வீசும்படி பட்கரிடம் சொல்லிவிட்டு அடுத்த பந்துக்குத் தயாரானார். வயது 56. (நீங்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம். இப்போது ஹெல்மெட் இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள்!)

அவர் தலைமையில் ஹோல்கர் எட்டு முறை இறுதிப் போட்டிக்கு வந்தது. நான்கு முறை வென்றது. நான்காவது கோப்பை 1952-53ல் வங்காளத்தைத் தாண்டிக் கிடைத்தது. அப்போது அவருக்கு 57 வயது. கோப்பையோடு விடைபெற இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா?

ஹோல்கரை விட்டார். ஆட்டத்தை விடவில்லை!

காஞ்சிபுரம், முசரவாக்கம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். முப்பது வருடம் ஒரே தறியில் பட்டு நெய்த பெரியவர், வயதான பிறகு வேறு வீட்டுத் தறிக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கை அதே கைதான். ஆனால் தறிக்குழி புதிது, மிதி புதிது, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போடும் ஆளும் புதிது. பழைய தறிச் சத்தம் காதிலேயே இருக்கும். அந்த முதல் நாள் அவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நாயுடு போன இடம் ஆந்திரா. 1953 அக்டோபரில்தான் ஆந்திர மாநிலமே பிறந்தது. அந்த 1953-54ல் ரஞ்சியில் முதன்முதலாக ஆந்திர அணி இறங்கியது. அதற்குக் கேப்டன் நாயுடு. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, முன்னோர்களின் மண்! வருடா வருடம் இறுதிப் போட்டியைப் பார்த்து வந்தவர், இப்போது அப்போதுதான் நடை பழகும் அணியில் நின்றார். கோப்பை எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று அவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அவர் போன பிறகு ஹோல்கர் என்ன ஆனது? இரண்டு வருடமும் இறுதிப் போட்டிக்கு வந்தது. இரண்டு முறையும் தோற்றது. 1954-55ல் அதை வென்றது யார் தெரியுமா? நம் சென்னை அணி! இந்தூருக்கே போய், 46 ரன் வித்தியாசத்தில் ஜெயித்து முதன்முதலாக ரஞ்சி கோப்பையைக் கொண்டுவந்தார்கள். நமக்குக் கொண்டாட்டம். ஆனால் ஹோல்கருக்கு அதுதான் கடைசி ஆட்டம். சமஸ்தானங்கள் போய்விட்ட காலம் அல்லவா? அணியைக் கலைத்துவிட்டு மத்திய பாரதம் என்ற பெயரில் வேறு அணி வந்தது. நாயுடு கட்டி எழுப்பிய ஹோல்கர், அவருக்கு முன்பே ரஞ்சியை விட்டுப் போய்விட்டது!

அமெரிக்காவில் பேப் ரூத் என்று ஒரு பேஸ்பால் வீரர் இருந்தார். நியூயார்க் யாங்கீஸ் அணியின் உயிர்நாடி. 1935ல், 40 வயதில், அந்த அணியை விட்டு பாஸ்டன் பிரேவ்ஸ் அணிக்குப் போனார். ஜூன் தொடங்கியபோதே ஓய்வு பெற்றுவிட்டார். பழகிய அணியை விட்டுப் போய் நிற்பது அவ்வளவு கஷ்டம்.

நாயுடுவோ மறுபடியும் ஓர் அணி மாறினார்! 1956-57ல் உத்தரப்பிரதேச அணிக்குக் கேப்டன். அப்போதுதான் அவருக்கு 61 வயது. அந்த மாநில கிரிக்கெட்டில் அப்போது செல்வாக்கோடு இருந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? 1936ல் கேப்டன் பதவி யாருக்குப் போனதோ, அதே விஜ்ஜிதான்! இருபது வருடப் பழைய மனத்தாங்கல் நாயுடுவைத் தடுக்கவில்லை. அவருக்கு ஆடக் களம் வேண்டும், அவ்வளவுதான்.

கூட ஆடியவர்களில் பலர் அவருக்குப் பிள்ளை வயது. அவர்களோடு சேர்ந்து வெயிலில் நின்றார், பந்தைத் துரத்தினார். ரஞ்சியில் தம் கடைசி இன்னிங்சில் 52 ரன்கள் எடுத்தார். சுழற்பந்து வீச்சாளர்களை இறங்கி வந்து அடிக்கும் ஆசை அந்த வயதிலும் அவரை விட்டபாடில்லை. அதே 1956ல்தான் மத்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது கொடுத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் கிரிக்கெட் வீரர் அவர்தான்.

அவருடைய மகள் சந்திரா நாயுடு, நம் நாட்டின் முதல் பெண் கிரிக்கெட் வர்ணனையாளர் ஆனார். அப்பாவைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார்.

முதல்தர ஆட்டங்களில் நாயுடு எடுத்த மொத்த ரன்கள் 11,825. விக்கெட்டுகள் 411. இவ்வளவும் முடிந்த பிறகு, 1963ல் இன்னும் ஒரு தடவை முதல்தர ஆட்டத்தில் இறங்கினார். மகாராஷ்டிர கவர்னர் அணிக்கும் முதல்வர் அணிக்கும் நடந்த ஆட்டம் அது. வயது 68! இடம், அவர் பிறந்த நாக்பூர்.

1967 நவம்பர் 14ல், நீங்கள் குழந்தைகள் தினம் கொண்டாடும் அதே தேதியில், இந்தூரில் காலமானார். இன்றும் அவர் பெயரில் கிரிக்கெட் வாரியம் ஒரு கோப்பைப் போட்டி நடத்துகிறது. அது 23 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான போட்டி. அந்த வயதுக் கணக்கைப் பார்த்தால் கர்னலுக்கே சிரிப்பு வந்திருக்கும்!