துடுப்புக்கு ஓய்வு தந்தவர்

எடப்பாடியை அடுத்த பூலாம்பட்டியில் மோட்டார் படகில் ஏறிக் காவிரியைக் கடக்கிறோம். படகின் பின்புறம் மாட்டும் மோட்டாரை ஊர் ஊராகப் பரப்பியவர் ஓலே எவின்ரூட்.

1877-ல் நார்வேயில் பிறந்தார். 5 வயதில் குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது. படிப்பு குறைவு. பட்டறைகளில் தொழில் கற்றார்.

உருகிய ஐஸ்கிரீம்

ஒரு கோடை நாள். ஏரிக்கரையில் காதலி பெஸ் ஐஸ்கிரீம் கேட்டார். எவின்ரூட் துடுப்பு வலித்துப் போய் வாங்கினார். திரும்புவதற்குள் ஐஸ்கிரீம் உருகிவிட்டது! அன்று பிறந்த யோசனைதான் இது என்பார்கள்.

1909-ல் மோட்டார் தயாரானது. எடை சுமார் 28 கிலோ.

மனைவிக்காக

பெஸ் அவருக்கு மனைவியானார். கடிதம், விளம்பரம், கணக்கு எல்லாம் அந்த அம்மையார் பொறுப்பு. உழைத்து உழைத்து உடல் நலிந்தது. 1914-ல், நன்றாக நடந்த தொழிலையே எவின்ரூட் விற்றுவிட்டார். மனைவி தேறியபின், எடை குறைந்த புது மோட்டாருடன் மீண்டும் தொழிலில் இறங்கினார். 1933-ல் பெஸ் காலமானார். மறு ஆண்டே எவின்ரூட்டும் மறைந்தார்.

பல்சக்கரத்தின் உயிர்

மேலே எந்திரம், தண்ணீருக்குள் விசிறி. இரண்டையும் இணைப்பவை அடியிலுள்ள பல்சக்கரங்கள். அவற்றுக்குக் கியர் ஆயிலே உயிர். பழைய மோட்டாரில் இரு திருகுகளையும் கழற்றினால் ஆயில் வடியும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சீலைப் பார்க்க வேண்டும். புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாகவே ஏற்ற வேண்டும். மேல் துளையில் வழிந்தால் நிறைந்துவிட்டது. மேலிருந்து ஊற்றினால் காற்று அடைத்துக்கொள்ளும்.

மறைவில் உழைத்த மனைவியை மறக்கவில்லை எவின்ரூட். மறைவில் சுழலும் பல்சக்கரத்தை நாமும் மறக்கலாகாது.