பைண்டிங் கடைப் பையன்



ஃபைனல் இயர் வந்தாச்சு. பாதிப் பேர் கையில் ஆஃபர் லெட்டர், மீதிப் பேர் கையில் ரெஸ்யூமே. போன வருஷம் வேலைக்குப் போன சீனியர்களிடம் கொஞ்சம் பேசிப் பாருங்கள். சம்பளத்தைப் பற்றி ஒரு நிமிஷம் சொல்வார்கள், மீதி அரை மணி நேரமும் புலம்பல்தான். நாம செஞ்ச வேலைக்கு இன்னொருத்தர் பேர் வாங்கினார், மீட்டிங்கில் நம்மை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை, இந்த வேலை நமக்கானதே இல்லை... இப்படிப் போகும் கதை.

இந்தப் புலம்பல் ஒன்றும் புதுசு இல்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் லண்டனில் ஒருத்தர் இதையெல்லாம் அனுபவித்தார். அவர் பெயர் உங்கள் லேப் ரெக்கார்டில் இருக்கிறது. கெப்பாசிட்டர் மதிப்பை மைக்ரோஃபாரட் என்று எழுதும்போதெல்லாம் அவர் பெயரைத்தான் எழுதுகிறோம். ஆமாம், மைக்கேல் ஃபாரடே. அவருடைய விதிகள் நம்ம சிலபஸில் இருக்கின்றன. அவர் பட்ட பாடு எந்த யூனிட்டிலும் இல்லை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கடையே காலேஜ்

1791 செப்டம்பர் 22-ல், லண்டனை ஒட்டிய நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா கொல்லர். அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும், வேலை நின்றுவிடும். நாலு பிள்ளைகள் இருந்த வீட்டில் பசி புதுசு இல்லை. மைக்கேல் பள்ளியில் கற்றது எழுதப் படிக்கவும் கொஞ்சம் கணக்கும்தான்.

13 வயதில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். வீடு வீடாகப் பேப்பர் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அடுத்த வருஷம் அங்கேயே பைண்டிங் தொழில் பழக ஏழு வருஷ ஒப்பந்தம்.

ரீபோ நல்ல மனுஷர். பைண்டிங்குக்கு வரும் புத்தகத்தைப் பையன் பிரித்துப் படித்தால் திட்ட மாட்டார். அப்படி வந்த என்சைக்ளோபீடியாவில்தான் ஃபாரடே மின்சாரத்தைப் பற்றிப் படித்தார். ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் புத்தகமும் அப்படிக் கைக்கு வந்ததுதான். படித்தது உண்மையா என்று பார்க்க, கையில் இருந்த சில்லறைக்கு வாங்க முடிந்த சாமான்களை வைத்துச் சின்னச் சின்னச் சோதனைகள் செய்தார். ஜான் டேட்டம் என்பவர் நடத்திய அறிவியல் வகுப்புக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அந்தக் காசை அண்ணன் ராபர்ட் கொடுத்தார். அண்ணனும் கொல்லர்தான்.

1812-ல் கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ஃப்ரி டேவி பேசும் கூட்டத்துக்கு டிக்கெட் கொடுத்தார். டேவி அந்தக் காலத்து அறிவியல் உலகின் ஸ்டார். நாலு சொற்பொழிவுகள். ஃபாரடே ஒன்று விடாமல் குறிப்பெடுத்து, படம் வரைந்து, சுத்தமாகத் திருப்பி எழுதி, தன் கையாலேயே பைண்ட் செய்தார்.

அதே வருஷம் பயிற்சி முடிந்தது. இன்னொரு கடையில் முழு பைண்டராகச் சேர்ந்தார். தொழில் கைவசம் இருந்தது, வருமானமும் வந்தது. ஆனால் மனசு ஒட்டவே இல்லை. ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசஃப் பாங்க்ஸுக்கு வேலை கேட்டுக் கடிதம் எழுதினார். பதிலே இல்லை. அடுத்து டேவிக்கு எழுதினார், கூடவே அந்த பைண்ட் செய்த குறிப்புகளையும் அனுப்பினார். டேவி கூப்பிட்டுப் பேசினார். ஆனால் அறிவியலில் காசு கிடையாது, இருக்கும் தொழிலை விட்டுவிடாதே என்றுதான் முதலில் புத்தி சொன்னார்.

கொஞ்ச நாளில் டேவியின் ஆய்வகத்தில் ஒரு அடிதடி. அங்கிருந்த உதவியாளரை வேலையை விட்டு நீக்கினார்கள். அந்த இடத்துக்கு ஃபாரடேயைக் கூப்பிட்டார்கள். 1813 மார்ச் 1-ல் வேலை உறுதியானது. வாரம் 25 ஷில்லிங், மாடியில் உச்சியில் இரண்டு அறை, எரிபொருளும் மெழுகுவத்தியும்.

விஞ்ஞானியா, வேலைக்காரனா?

அதே ஆண்டு அக்டோபரில் டேவி ஐரோப்பியப் பயணம் கிளம்பினார். அறிவியல் உதவியாளராக ஃபாரடேயும் கூடப் போனார். கடைசி நேரத்தில் டேவியின் பணியாள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பாரிஸில் வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை அந்த வேலையையும் நீயே பார் என்றார் டேவி. பாரிஸில் ஆள் கிடைக்கவில்லை. அதற்கடுத்த ஊரிலும் கிடைக்கவில்லை. பயணம் முடியும்வரை கிடைக்கவே இல்லை!

டேவியின் மனைவி ஜேன் பணக்கார வீட்டுப் பெண். ஃபாரடேயை வேலைக்காரராகவே நடத்தினார். சாப்பாடு பணியாட்களோடு. வாய்க்கு வாய் அதட்டல். நொந்துபோன ஃபாரடே, ஊருக்குத் திரும்பிப் பழையபடி பைண்டிங்கே பார்க்கலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போனார். நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதங்களில் அந்த வலி அப்படியே இருக்கிறது.

ஆனால் திரும்பவில்லை. ஏன்?

அந்த ஒன்றரை வருஷத்தில் அவர் கண்ணால் பார்த்ததைக் கேளுங்கள். பாரிஸில் ஆம்பியரைச் சந்தித்தார். புதிதாகக் கிடைத்திருந்த ஒரு கறுப்புப் பொருளை டேவி சோதித்து, அது அயோடின் என்ற தனிமம் என்று காட்டியபோது பக்கத்தில் இருந்தார். ஃபிளாரன்ஸில் பெரிய லென்ஸால் வெயிலைக் குவித்து வைரத்தை எரித்தார்கள், வைரம் வெறும் கார்பன்தான் என்று காட்ட. மிலானில் வோல்டாவையே நேரில் பார்த்தார். எந்தக் கல்லூரியும் அவருக்குக் கொடுத்திருக்க முடியாத படிப்பு அது.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். ரீபோவின் கடையில் ஃபாரடேக்கு அன்பும் மரியாதையும் இருந்தன. ஆனால் அந்தத் தொழில் அவருக்குப் பொருந்தவில்லை. டேவியிடம் மரியாதை இல்லை. ஆனால் வேலை அவருக்காகவே செய்தது போல இருந்தது. மதிக்கவில்லை என்பது ஒரு பிரச்சினை, பொருந்தவில்லை என்பது இன்னொரு பிரச்சினை. நாம் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, எனக்கு இந்த வேலை பிடிக்கலை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். ஃபாரடே மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். 1815-ல் லண்டன் திரும்பி, அதே ஆய்வகத்தில் மறுபடி சேர்ந்தார்.

பெயர் யாருக்கு?

1820-ல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பி காந்த ஊசியைத் திருப்புகிறது என்று கண்டுபிடித்தார். ஐரோப்பாவே பரபரத்தது. வொல்லாஸ்டன் என்ற மூத்த விஞ்ஞானி, கம்பி தன் அச்சிலேயே சுழல வேண்டும் என்று நினைத்து, டேவியோடு சேர்ந்து முயன்றார். நடக்கவில்லை.

1821 செப்டம்பரில் ஃபாரடே வேறு விதமாகச் செய்து பார்த்தார். ஒரு கிண்ணத்தில் பாதரசம், நடுவில் காந்தம், மேலிருந்து தொங்கும் கம்பி. மின்சாரம் பாய்ந்ததும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது. உலகத்தின் முதல் மின்மோட்டார் இதுதான்.

அவசரமாகக் கட்டுரை வெளியிட்டார். அதில் வொல்லாஸ்டனின் பெயரைச் சொல்லவில்லை. உடனே திருட்டுப் பட்டம்! ஃபாரடே ஒளியவில்லை. நேராக வொல்லாஸ்டனுக்கே எழுதி, விளக்கம் சொல்ல நேரம் கேட்டார். வொல்லாஸ்டன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டேவிதான் மனசு மாறவில்லை. ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவிக்கு ஃபாரடேயின் பெயர் வந்தபோது, சொசைட்டியின் தலைவராக இருந்த டேவியே எதிர்த்தார். 1824 ஜனவரியில் ரகசிய ஓட்டெடுப்பு நடந்தது. எதிராக விழுந்தது ஒரே ஓட்டு. ஃபாரடே உறுப்பினரானார்.

கைதூக்கி விட்டவரே காலை வாரினால் எப்படி இருக்கும்? ஆனால் பிற்காலத்தில் டேவியைப் பற்றி அவர் நன்றியோடுதான் பேசினார்.

பத்தே வாரம்

அடுத்து வந்தது நேரத்தைத் தின்ற ஒரு வேலை. தொலைநோக்கிக்கு நல்ல கண்ணாடி தயாரிக்க ராயல் சொசைட்டியின் கமிட்டி அவரைப் போட்டது. உலையோடு மல்லுக்கட்டியே வருஷங்கள் போயின. நினைத்த தரத்தில் கண்ணாடி வரவில்லை. டேவி 1829-ல் இறந்துபோனார். 1831-ல் ஃபாரடே, இனி எனக்குப் பிடித்த ஆய்வுக்கு நேரம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உலையை விட்டு வெளியே வந்தார்.

வந்து சில வாரங்கள்தான். ஆகஸ்ட் 29. ஓர் இரும்பு வளையம், அதில் இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சுற்றிய செம்புக் கம்பி. இன்சுலேஷன் போட்ட கம்பி அப்போது கடையில் கிடைக்காது. சுற்றுக்கு நடுவே நூலும் பருத்தித் துணியும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். பைண்டிங் பழகின கைக்கு நூலும் துணியும் புதுசா என்ன? ஒரு பக்கம் பேட்டரியை இணைத்தார், மறுபக்க ஊசி ஒரு துள்ளு துள்ளி நின்றது. பேட்டரியை எடுத்தார், எதிர்ப்பக்கம் துள்ளியது. அக்டோபர் 17-ல் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து மின்சாரம் எடுத்தார். அக்டோபர் 28-ல் பெரிய காந்தத்தின் நடுவே செம்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ந்து மின்சாரம் எடுத்தார். பத்து வாரத்துக்குள் டிரான்ஸ்ஃபார்மரின் தத்துவமும் முதல் ஜெனரேட்டரும்!

வேண்டாம் என்று சொன்னவை

புகழ் வந்தபின் பதவிகள் தேடி வந்தன. இங்கேதான் ஆளைப் புரிந்துகொள்ளலாம். லண்டன் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் பதவி 1827-லேயே வந்தது, வேண்டாம் என்றார். கம்பெனிகளுக்குச் சோதனை செய்து கொடுத்தால் நல்ல காசு, அதையும் குறைத்துக்கொண்டார். ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியை மறுத்தார். சர் பட்டமும் வேண்டாம் என்றார்.

கர்வமா? இல்லை. தன் சுபாவம் அவருக்குத் தெரியும். ஆண்டர்சன் என்ற ஒரே உதவியாளரை வைத்துக்கொண்டு அமைதியாக வேலை செய்பவர் அவர். கணிதம் அவருக்கு வராது. அவர் கட்டுரைகளில் சமன்பாட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். காந்தத்தைச் சுற்றி இரும்புத் தூள் போடும் கோடுகளைப் பார்த்தே யோசித்தார். அந்த விசைக்கோடுகளைப் பின்னால் மேக்ஸ்வெல் கணிதமாக்கினார். கமிட்டி நாற்காலி அவருக்கு ஆகாது. ஆனால் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது உயிர். ராயல் இன்ஸ்டிட்யூஷனின் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 19 வருஷங்கள் நடத்தினார். ஒரு மெழுகுவத்தியை வைத்தே மொத்த வேதியியலையும் சொன்னார். கலங்கரை விளக்கங்களுக்கு ஆலோசகராக இருந்தார். பிடித்த வேலைக்கு எங்கே கூப்பிட்டாலும் போவார்.

அப்படியானால் எல்லா அவமானத்தையும் சகித்துக்கொள்ளணுமா? அப்படி நினைத்தால் 1835-ஐப் பாருங்கள். அரசு அவருக்கு ஓய்வூதியம் தருவதாக இருந்தது. பிரதமர் மெல்போர்ன் நேரில் பேசும்போது, இப்படிப்பட்ட உதவித்தொகைகளையே கேவலமாகப் பேசிவிட்டார். ஃபாரடே எழுந்து வந்தார், ஓய்வூதியம் வேண்டாம் என்று எழுதி அனுப்பினார். விஷயம் வெளியே வந்து, பிரதமர் எழுத்தில் வருத்தம் தெரிவித்த பிறகுதான் ஆண்டுக்கு 300 பவுண்டை ஏற்றார். கற்றுக்கொள்ள ஏதாவது இருந்த இடத்தில் பொறுத்தார், வெறும் காசு மட்டும் இருந்த இடத்தில் பொறுக்கவில்லை.

அந்தக் கண்ணாடி வேலை வீண்தானே என்று கேட்பீர்கள். 1845-ல், காந்தம் ஒளியைப் பாதிக்குமா என்று சோதித்தார். சாதாரணப் பொருள்கள் எதிலும் பலன் தெரியவில்லை. அலமாரியில் கிடந்த தன் பழைய கனமான கண்ணாடியை எடுத்து வைத்தார். அதன் வழியே போன ஒளியின் தளம் திரும்பியது. இன்று அதற்குப் பெயர் ஃபாரடே விளைவு.

1867 ஆகஸ்ட் 25-ல் இறந்தார். பெரிய மனிதர்களைப் புதைக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியும் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், ஹைகேட் கல்லறையில் ஒரு சாதாரணக் கல்லின் கீழ் இருக்கிறார்.

அடுத்த வருஷம் நீங்களும் ஏதோ ஒரு ஆபீஸில் இருப்பீர்கள். ஒரு நாள் மனசு நொந்து ரிசைன் லெட்டரைத் திறப்பீர்கள். அனுப்புங்கள், அனுப்பாமல் இருங்கள், அது உங்கள் இஷ்டம். அதற்கு முன்னால் ஒரு பேப்பரில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் மனுஷங்க மேல் இருக்கும் கோபத்தையும், இன்னொரு பக்கம் வேலை மேல் இருக்கும் கோபத்தையும் தனியாக எழுதிப் பாருங்கள். மனுஷங்க பக்கம் மட்டும் நிரம்பியிருந்தால், ஆளையோ இடத்தையோ மாற்றினால் போதும், அந்தத் தொழிலை விடாதீர்கள். வேலைப் பக்கம் நிரம்பியிருந்தால், எவ்வளவு மரியாதை கிடைத்தாலும் அது உங்களுக்கு பைண்டிங் கடைதான்.