சுப்பாராவ் விட்டுச்சென்ற மருந்து

நெய்வேலியில் எங்கள் வட்டத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவருக்கு மூளையில் நிணநீர்ப் புற்றுநோய் எனக் கண்டறியப்பட்டது. அரிதான நோய், விரைந்து வளர்வது. வெளியூர் மருத்துவமனை எழுதித் தந்த சீட்டுடன் வந்த அவருடைய மகன், இந்தக் கீமோதெரபி நோயை அழிக்குமா, அப்பாவையே அழித்துவிடுமா என்று கேட்டார். சீட்டில் இருந்த பெயர், மெத்தோட்ரெக்ஸேட். நான் பொருளாதாரம் கற்பித்தவன், மருத்துவன் அல்லன். எனினும், அம்மருந்துக்கு வழிகோலியவரின் வரலாற்றை அறிவேன். விடையும் அதிலேயே இருக்கிறது.

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். கதர் அணிந்து பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானதால் எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல், எல்.எம்.எஸ். தகுதியுடன் வெளியேற நேர்ந்தது. உடன்பிறந்தோர் இருவரை, சத்து உடலில் சேராமல் குருதி வற்றும் 'ஸ்புரூ' நோய் கொண்டுபோயிற்று.

1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்றார். மருத்துவமனையில் கடைநிலைப் பணி செய்துகொண்டே ஹார்வர்டில் ஆய்வு செய்தார். உடலின் ஆற்றல் மூலமான ஏ.டி.பி.யைக் கண்டறிந்தவர்களுள் அவரும் ஒருவர். எனினும், நிலையான பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை.

1940-இல் லெடர்லி நிறுவனத்தில் சேர்ந்தார். அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. ஸ்புரூ நோயாளிகளின் குருதிச்சோகைக்கு அது மருந்தாயிற்று. தமிழகத்தில் வீடுவீடாக வழங்கப்பட்ட யானைக்கால் நோய் மாத்திரையும் அவருடைய குழுவின் கொடையே.

அணுக்கள் பெருக ஃபோலிக் அமிலம் தேவை. அதைப் போலவே தோற்றமளித்து, அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் அக்குழு தயாரித்தது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினை மருத்துவர் சிட்னி ஃபார்பர் குருதிப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அளித்தார். 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அம்முடிவு வெளியான 1948-லேயே, தமது 53-ஆம் வயதில் சுப்பாராவ் காலமானார். அவர் தாயகம் திரும்பவே இல்லை.

அமினோப்டெரினின் இடத்தைப் பிடித்ததே மெத்தோட்ரெக்ஸேட். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை சில மில்லிகிராம் போதும். மூளைக்குள் எளிதில் நுழையாத மருந்து என்பதால், மூளை நிணநீர்ப் புற்றுக்குப் பல கிராம் அளவில் சிரைவழி ஏற்றுகிறார்கள். கதிர்வீச்சு மட்டுமே இருந்த காலத்தில் பாதிப் பேர் ஓராண்டளவே வாழ்ந்தனர். இன்று பலர் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றனர். எல்லோருக்கும் பலிப்பதில்லை; சிலருக்கு நோய் மீள்வதும் உண்டு.

அந்த அளவு, தனியே விட்டால், உயிரைப் பறிக்கும். ஆகவே, ஏறத்தாழ ஒரு நாள் கழித்து, ஃபோலிக் அமிலக் குடும்பத்தைச் சேர்ந்த லூகோவோரினைக் கொடுத்து நலமான அணுக்களை மீட்கிறார்கள். ஒரே ஆய்விலிருந்து கிளைத்த நஞ்சும் மாற்றும் ஒரே நோயாளியின் உடலில் சந்திக்கின்றன.

பொருளாதாரம் படித்தவன் கண்ணில் படுவது வேறொன்று. மருந்து பழையது, விலையும் ஒப்பீட்டளவில் குறைவு. அருமையானது அதைச் சூழ்ந்த ஏற்பாடுதான்: சிறுநீரகச் சோதனை, சிறுநீரைக் காரத்தன்மையில் வைத்தல், குருதியில் மருந்தளவு இறங்கும்வரை நாள்தோறும் அளத்தல். இந்த அளவீட்டு வசதி சிறு நகரங்களின் மருத்துவமனைகளை எட்டாதவரை, மலிவு மருந்தும் ஏழைக்கு ஆபத்தான மருந்தே. அரசின் காப்பீட்டுத் திட்டங்கள் மருந்துக்கு மட்டுமன்றி, இந்தக் கண்காணிப்புக்கும் முழுமையாகப் பொறுப்பேற்க வேண்டும்.

அந்த மகனிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். சிறுநீரகம் தாங்குமா? குருதியில் மருந்தளவை அங்கேயே, அன்றன்றே அளப்பார்களா? மாற்று மருந்து கையிருப்பில் உள்ளதா? மூன்றுக்கும் ஆம் என்ற பதில் வந்தால் அஞ்சாமல் அனுமதியுங்கள் என்றேன். சுப்பாராவின் மருந்து கேட்பது துணிச்சலை அல்ல; விழிப்பை.