உணவறைச் சுவரில் ஓர் அழைப்பு

கத்தோலிக்க இல்லங்களில் உணவு மேசைக்கு மேலே இறுதி இராவுணவுப் படம் தொங்குவது நாம் அனைவரும் அறிந்த காட்சி. திருமணத்திற்கும் குடிபுகுதலுக்கும் அதனைப் பரிசாக வழங்குவோர் பலர். அதன் மூல ஓவியத்தை வரைந்தவரின் வாழ்வை அறிந்தால், அப்படத்தை வெறும் அலங்காரமாக நோக்க நம்மால் இயலாது.

லியனார்டோ டா வின்சி 1452ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், இத்தாலியின் வின்சி என்னும் சிற்றூரின் அருகே பிறந்தார். தந்தை ஒரு நொத்தாரிசு. தாய் கத்தரீனா எளிய பெண். இருவரும் மணம் புரிந்தவர்கள் அல்லர். ஆதலால் தந்தையின் தொழில் மகனுக்கு மறுக்கப்பட்டது. புளோரன்ஸ் நகரில் வெரோக்கியோ என்னும் கலைஞரிடம் பணி பயின்று, ஏறத்தாழ 1482ஆம் ஆண்டில் மிலான் நகருக்குச் சென்றார். அங்கு ஆட்சியிலிருந்த லுடோவிக்கோ ஸ்போர்சா, தொமினிக்கன் சபைத் துறவிகளின் அருள்நிறை மரியன்னை மடத்தில் ஓர் ஓவியம் வரையும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார்.

கவனியுங்கள், அந்த ஓவியம் வரையப்பட்ட இடம் பலிபீடம் அன்று, துறவிகள் அமர்ந்து உண்ணும் மண்டபத்தின் சுவர். அவர்கள் அன்றாட உணவை உட்கொள்கையில், ஆண்டவரும் அப்பன்னிருவரும் அதே அறையில் மற்றொரு மேசையில் அமர்ந்திருப்பது போலத் தோன்ற வேண்டும் என்பதே நோக்கம். நமது உணவறையில் அப்படத்தை மாட்டுகின்றவர்கள், அறிந்தோ அறியாமலோ, அதனை அதற்குரிய இடத்திலேயே வைத்திருக்கின்றார்கள்.

1495 முதல் 1498 வரை அப்பணி நீடித்தது. சில நாள்களில் லியனார்டோ உணவையும் மறந்து விடியல் முதல் அந்திவரை வரைவார் என்றும், வேறு சில நாள்களில் தூரிகையைத் தொடாமல் சுவரையே நோக்கி நிற்பார் என்றும் அக்கால எழுத்தாளர் பந்தெல்லோ பதிவு செய்துள்ளார். பன்னிருவருள் ஒருவன் தம்மைக் காட்டிக்கொடுப்பான் என இயேசு அறிவித்த கணத்தையே அவர் தெரிந்தெடுத்தார். பழைய ஓவியர் பலர் யூதாசை மேசையின் மறுபுறத்தில் தனியே இருத்தினர். லியனார்டோவோ பணப்பையைப் பற்றிய அவனைப் பேதுருவுக்கும் யோவானுக்கும் அருகிலேயே அமர்த்தினார். ஆண்டவர் தம்மை மறுதலிப்பவனையும் காட்டிக்கொடுப்பவனையும் ஒரே பந்தியில் ஏற்றார் அல்லவா?

சுவரோவியம் வரைவோர் ஈரமான சுண்ணாம்புச் சாந்தின்மீது விரைந்து வண்ணம் தீட்டுவது வழக்கம். நின்று நிதானித்துத் திருத்தி வரைய விரும்பிய லியனார்டோ, உலர்ந்த சுவரின்மீது வரைந்தார். விளைவாக, அவர் வாழ்ந்த காலத்திலேயே வண்ணம் உதிரத் தொடங்கிவிட்டது. பின்னர் பிரான்சு மன்னர் முதலாம் பிரான்சிசின் அழைப்பை ஏற்று அந்நாட்டிற்குச் சென்ற அவர், 1519ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் அம்புவாஸ் நகரில் இறந்தார். தமக்காகத் திருப்பலிகள் ஒப்புக்கொடுக்கப்பட வேண்டும் என்றும், தம் அடக்கத்தில் அறுபது ஏழைகள் அறுபது மெழுகுதிரிகளை ஏந்திச் செல்ல வேண்டும் என்றும், அதற்காக அவர்களுக்குப் பணம் வழங்கப்பட வேண்டும் என்றும் மரண சாசனத்தில் எழுதிவைத்திருந்தார்.

ஓவியத்தின் துயரமோ தொடர்ந்தது. 1652ஆம் ஆண்டு அச்சுவரில் வாசலொன்றைப் பெரிதாக்கியபோது, இயேசுவின் பாதங்கள் இருந்த பகுதி வெட்டி எறியப்பட்டது. சீடரின் பாதங்களைக் கழுவிய இரவை நினைவூட்டும் ஓவியத்தில், அவருடைய பாதங்களே மனிதரின் வசதிக்கு இரையாயின! 1943ஆம் ஆண்டு ஆகஸ்டில் குண்டு வீழ்ந்து மண்டபத்தின் கூரையும் பக்கச்சுவரும் இடிந்தன. மணல் மூடைகளால் காக்கப்பட்டிருந்த ஓவியச் சுவர் நின்றது. 1978 முதல் 1999 வரை நடைபெற்ற செப்பனிடும் பணியால் எஞ்சியது காப்பாற்றப்பட்டது.

கூரையிழந்து நின்ற அச்சுவரின் கதை புங்குடுதீவு மக்களுக்கு அந்நியமானதன்று. 1991ஆம் ஆண்டின் இடப்பெயர்வில் வீடுகளையும் வளவுகளையும் விட்டு அவர்கள் வெளியேறினர். கூரை வீழ்ந்து, மரஞ்செடி முளைத்த சுவர்கள் பல அங்கே எஞ்சின. ஒரே பாயில் அமர்ந்து உண்ட சகோதரர்களுள் ஒருவர் கனடாவிலும் ஒருவர் சுவிற்சர்லாந்திலும் ஒருவர் ஊரிலுமாக வாழும் குடும்பங்கள் எத்தனை! உணவு மேசை எவ்வளவு அரியது என்பதை, அதனை இழந்தவர்களைவிட அறிந்தவர் யார்?

ஆயினும் ஒரே கூரையின் கீழ் வாழும் நாமும் பிரிந்தே உண்கின்றோம். பிள்ளை கைத்தொலைபேசியுடன் அறையில், தந்தை தொலைக்காட்சியின் முன், தாய் குசினியில், யாவருக்கும் பிறகு. மேலே படத்தில் பன்னிருவர் கூடியிருக்க, கீழே மேசை வெறுமையாகக் கிடக்கின்றது. நமது வசதிக்காக நாமும் ஆண்டவரின் பாதங்களை வெட்டிவிட்டோமோ?

இவ்வாரம் ஒரு வேளையாவது குடும்பமாக அமர்ந்து, செபித்து, உணவைப் பகிருங்கள். பேச்சற்றுப்போன உறவினர் ஒருவரையும் அழையுங்கள். தொலைவில் இருந்தால் குரலாலாவது அழையுங்கள். யூதாசுக்கும் இடமளித்த பந்தியில், நம்முடைய மனத்தாங்கல்களுக்கு இடமில்லை.