எறிந்தவற்றை எடுத்த கலைஞர்

ஓவியர்க்கு வண்ணமும் தூரிகையும் கருவிகள். சிற்பியர்க்குக் கல்லும் உளியும் கருவிகள். இஃது எந்நாட்டார்க்கும் ஒத்த செய்தி. ஆயின், தெருவிலே கிடக்கும் துருப்பிடித்த ஆணியையும், உடைந்த சக்கரத்தையும், பயணம் முடிந்தவர் கசக்கி எறிந்த சீட்டையும் கலைக்குரிய பொருள்களாகக் கொண்டார் ஒருவர். அவரைக் கண்டு அவர் ஊரார் நகைத்தனர். அவர் நாட்டு அரசினர் பகைத்தனர். அவரோ குனிந்து பொறுக்குவதை இறுதிவரை விட்டாரல்லர். ஜெர்மானிய நாட்டுக் கலைஞராகிய குர்ட் ஷ்விட்டர்ஸ் என்பாரே அவர்.

ஜெர்மனியின் வடபகுதியில் ஹானோவர் என்னும் நகரம் உள்ளது. அந்நகரில் 1887 ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 20 ஆம் நாள் ஷ்விட்டர்ஸ் பிறந்தார். இவருடைய பெற்றோர் மகளிர் ஆடைக்கடை ஒன்றை நடத்தி வந்தனர். பின்னர் அக்கடையை விற்று, வந்த பொருளைக் கொண்டு வீடுகள் சில வாங்கி, அவற்றின் வாடகையால் கவலையின்றி வாழ்ந்தனர். ஷ்விட்டர்ஸ் அவர்களுக்கு ஒரே மகன், செல்வமாக வளர்ந்தார், ஆயினும் உடல்நலம் வாய்த்திலது.

அவருடைய பதினான்காம் வயதில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் கூறுதல் வேண்டும். நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் சிறுவர் குர்ட் சிறிய தோட்டம் ஒன்று அமைத்திருந்தார். அதில் ரோசாச் செடிகள் இருந்தன; மண்ணைக் குவித்துச் செய்த குன்று ஒன்றும், குளம் ஒன்றும் இருந்தன. ஒருநாள் அவ்வூர்ச் சிறுவர்கள் அவர் கண்ணெதிரே அத்தோட்டத்தை அழித்துவிட்டனர். அந்த அதிர்ச்சியால் அவருக்கு வலிப்புநோய் கண்டது. அதனால் நெடுநாள் படுக்கையில் கிடந்தார். அந்நோய் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. நோயுற்றிருந்த அந்நாள்களிலேதான் தம் உள்ளம் கலையின்பால் திரும்பியது என்று அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

1909 ஆம் ஆண்டில் டிரெஸ்டன் நகரத்து ஓவியக் கல்லூரியில் சேர்ந்து முறையாகப் பயின்றார். மரபுவழி ஓவியத்தில் அவருக்கு நல்ல தேர்ச்சி உண்டு. மரம், மலை, மனித முகம் ஆகியவற்றை உள்ளது உள்ளவாறே தீட்ட வல்லவர். வரையத் தெரியாதவரே குப்பையைக் கூட்டிக் கலையென்பர் என்று எண்ணுவோர் இச்செய்தியை மறத்தலாகாது. 1915 ஆம் ஆண்டில் ஹெல்மா என்னும் நங்கையை மணந்தார்.

அப்பொழுது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. 1917 ஆம் ஆண்டில் ஷ்விட்டர்ஸும் படைக்கு அழைக்கப்பட்டார். நோயாளர் ஆதலின் அங்கே நீடிக்கவில்லை. ஹானோவரை அடுத்த இரும்பாலை ஒன்றில் இயந்திரங்களின் வரைபடம் எழுதும் பணியில் அமர்த்தப்பட்டார். சுழலும் சக்கரமும் பற்களையுடைய உருளையும் அங்கே அவருக்கு நெருங்கிய நண்பர் போல் ஆயின. பின்னாளில் அவர் ஆக்கிய படைப்புக்களில் சக்கரம் அடிக்கடி தோன்றுவதற்கு அவ்வாலையே காரணம்.

1918 ஆம் ஆண்டின் இறுதியில் போர் முடிந்தது. ஜெர்மனி தோற்றது, மன்னன் நாடு துறந்தான், உணவுக்கும் விறகுக்கும் மக்கள் அலைந்தனர். பழைய ஒழுங்கு அனைத்தும் உடைந்து சிதறிக் கிடந்த காலம் அது. உடைந்த உலகை உடையாத உலகம்போல் வரைந்து காட்டுதல் ஷ்விட்டர்ஸுக்குப் பொருந்தவில்லை. சிதறிய துண்டுகளையே எடுத்துப் புதியது ஒன்று செய்யவேண்டும் எனக் கருதினார். அன்று முதல் தெருவில் நடக்கும்பொழுது அவர் கண்கள் தரையை நோக்கின. கம்பித் துண்டு, பொத்தான், தக்கை, தகரமூடி, துணிக் கிழிசல், மிட்டாய் சுற்றிய தாள், டிராம் வண்டிச் சீட்டு ஆகிய எல்லாம் அவருடைய சட்டைப்பைக்குள் புகுந்தன. உடன் நடந்த நண்பர்கள் நாணி ஒதுங்கியதும் உண்டு.

இவ்வாறு சேர்த்தவற்றை அவர் பயன்படுத்திய முறை அறியத்தக்கது. பொருள்களைக் கண்டவாறு பலகையில் ஒட்டிவிடுதல் அவர் வழக்கமன்று. முதலில் அவற்றைப் பரப்பி வைப்பார், ஒன்றை நகர்த்துவார், ஒன்றை நீக்குவார், வளைந்த கம்பி எந்தக் கோட்டிற்கு இணையாகும், துருவின் செந்நிறம் எந்த நீலத்தின் அருகே ஒளிபெறும் என்று நெடுநேரம் நோக்குவார். இடம் அமைந்த பின்னரே தாளைப் பசையாலும், மரத்தையும் இரும்பையும் ஆணியாலும் பொருத்துவார். வேண்டிய இடங்களில் வண்ணம் தீட்டி எல்லாவற்றையும் ஒன்றுபடுத்துவார். பொருத்துவதற்கு அறைந்த ஆணியின் தலையும் அங்கே ஒரு புள்ளியாய் நின்று ஓவியத்திற்கு உறுப்பாகும்.

1919 ஆம் ஆண்டில் அவர் செய்த படைப்பு ஒன்று இன்று அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக் கலைக்கூடத்தில் உள்ளது. 'மேன்மகளிர்க்குரிய கட்டமைப்பு' என்பது அதன் பெயர். அதில் சக்கரங்கள் உள்ளன. நீர்மங்களை ஊற்ற உதவும் புனல் ஒன்று உள்ளது. குழந்தை விளையாடி உடைத்த புகைவண்டிப் பொம்மை உள்ளது. இவற்றினிடையே பெண்ணொருத்தியின் முகம் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. புனலைப் புனலாகவும் பொம்மையைப் பொம்மையாகவும் முதலில் காண்கிறோம். சிறிது நேரம் நின்று நோக்கினால் அவை வட்டமாகவும் கூம்பாகவும் சாய்கோடாகவும் மாறி, ஒன்றையொன்று தாங்கி நிற்கக் காண்கிறோம். பயன் தீர்ந்த பொருளுக்கு வடிவம் தீர்வதில்லை என்பதை ஷ்விட்டர்ஸ் கண்டுகொண்டார்.

இக்கலைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அதனையும் அவர் குப்பையிலிருந்தே எடுத்தார். வங்கி ஒன்றின் விளம்பரத் தாளைக் கத்தரித்து ஒட்டியபொழுது, வாணிகம் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் பிற்பாதி மட்டும் படத்தில் எஞ்சியது. 'மெர்ஸ்' என்பதே அவ்வெச்சம். பொருள் ஏதுமற்ற அத்துண்டுச் சொல்லையே தம் கலை முழுமைக்கும் பெயராக்கினார். 1923 ஆம் ஆண்டில் தாம் தொடங்கிய இதழுக்கும் அப்பெயரையே இட்டார். அவர் கவிஞரும் ஆவர். பொருளில்லா ஒலிகளை இசைபோல் அடுக்கி நீண்ட பாட்டொன்று இயற்றி மேடைகளில் தாமே ஓதினார். சொல்லும் பொருளும் இணைந்த செய்யுளில் பழகிய நமக்கு அப்பாட்டு எளிதில் சுவைப்பதன்று. அது நிற்க. குடும்பச் செலவிற்காக விளம்பரங்களும் அச்செழுத்து வடிவங்களும் அமைத்துத் தந்தார். அத்துறையிலும் நற்பெயர் பெற்றார்.

அவருடைய செயல்களுள் தலையாயது அவர் தம் இல்லத்தில் கட்டியதே ஆகும். ஏறத்தாழ 1923 ஆம் ஆண்டில், ஹானோவரில் தாம் வாழ்ந்த வீட்டின் அறையொன்றில் அதனைத் தொடங்கினார். முதலில் பொருள்களை ஒட்டிய தூண் ஒன்று எழுந்தது. தூணிலிருந்து மரச்சட்டங்கள் சுவரை நோக்கிக் கிளைத்தன. சட்டங்களை அட்டையாலும் சாந்தாலும் மூடி வெண்ணிறம் பூசினார். இடையிடையே சிறு குகைகள் அமைத்தார். நண்பர் ஒவ்வொருவருக்கும் ஒரு குகை. அந்நண்பருடைய பொருள் ஏதேனும் அதனுள் வைக்கப்படும். கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹே என்பாருடைய பென்சிலும், திரைப்படக் கலைஞர் ஹான்ஸ் ரிக்டருடைய தலைமயிர்க் கற்றையும் அங்கே இடம் பெற்றன. நாளடைவில் மேலும் மேலும் கட்டக் கட்டப் பழைய குகைகள் உள்ளே மறைந்தன. அறை நிரம்பியதும் அடுத்த அறைக்குச் சென்றது. காடு வளர்வதுபோல் அக்கட்டடம் பதின்மூன்று ஆண்டுக்கு மேல் வளர்ந்தது. 'மெர்ஸ் கட்டடம்' என்று அதனைக் கூறுவர்.

1933 ஆம் ஆண்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். புதிய கலை அனைத்தும் இழிந்தது என்பது அவன் ஆட்சியாளர் கொள்கை. டிரெஸ்டன் நகர அருங்காட்சியகம் வாங்கி வைத்திருந்த ஷ்விட்டர்ஸின் முதல் மெர்ஸ் படத்தை அவர்கள் கைப்பற்றினர். 1937 ஆம் ஆண்டில் மியூனிக் நகரில் 'சீர்கெட்ட கலை' என்னும் பெயரால் கண்காட்சி ஒன்று நடத்தி, மக்கள் எள்ளி நகையாடுமாறு அப்படத்தையும் அங்கே மாட்டினர். பின்னர் அது என்னவாயிற்றோ, இன்றுவரை கிடைத்திலது. கண்காட்சி தொடங்குவதற்கு முன்பே, அவ்வாண்டு ஜனவரி 2 ஆம் நாள், ஷ்விட்டர்ஸ் நாட்டை விட்டு வெளியேறி நார்வேக்குச் சென்றுவிட்டார். இரகசியப் போலீசார் அவரை விசாரிக்கத் தேடியதே காரணம். மகன் எர்ன்ஸ்ட் சில நாள்களுக்கு முன் அங்கே சென்றிருந்தார். மனைவி ஹெல்மா முதியோரையும் வீடுகளையும் பேணும்பொருட்டு ஹானோவரிலேயே தங்கினார். போர் மூளும்வரை ஆண்டுதோறும் நார்வேக்கு வந்து கணவரைக் கண்டு சென்றார். மெர்ஸ் கட்டடத்தின் காவலும் அவ்வம்மையார் பொறுப்பாயிற்று.

நார்வேயில் ஆஸ்லோ நகருக்கு அருகே லிசேக்கர் என்னும் இடத்தில் ஷ்விட்டர்ஸ் தங்கினார். ஓராண்டு கழிவதற்குள் அங்கேயும் இரண்டாவது மெர்ஸ் கட்டடத்தைத் தொடங்கிவிட்டார். அதுவும் முற்றவில்லை. 1940 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஜெர்மானியப் படை நார்வேயின்மேல் பாய்ந்தது. தந்தையும் மகனும் வடக்கு நோக்கி ஓடினர். பனிக்கட்டியை உடைத்துச் செல்லும் கப்பல் ஒன்றில் இடம் பெற்று ஜூன் திங்களில் ஸ்காட்லாந்தை அடைந்தனர். அங்கோ, ஜெர்மனியில் பிறந்தவர் ஆதலின் பகை நாட்டவர் எனச் சிறைப்படுத்தப்பட்டார். தம் நாட்டார்க்கும் பகைவர், புகலடைந்த நாட்டார்க்கும் பகைவர் என்னும் நிலை அவருக்கு நேர்ந்தது.

மான் தீவில் உள்ள ஹட்சின்சன் முகாமில் 1941 ஆம் ஆண்டு நவம்பர் வரை அடைபட்டிருந்தார். அங்கே வண்ணமும் துணியும் அரிது. அதனால் தரையில் விரித்திருந்த லினோலியத்தைப் பெயர்த்து அதன்மீது ஓவியம் தீட்டினார். காலையில் உண்ணத் தந்த ஓட்ஸ் கஞ்சியில் எஞ்சியதைத் திரட்டிச் சிற்பமும் செய்தார். அச்சிற்பங்களில் பூஞ்சை படர்ந்து பசுமை நிறம் ஏறியது, நாற்றமும் எழுந்தது. உடனிருந்தோர் மூக்கைப் பொத்திக்கொண்டனராயினும், அவரிடம் தம் உருவம் எழுதுவித்துக்கொள்ள வரிசையாக வந்தனர்.

விடுதலை பெற்று லண்டனில் வறுமையோடு வாழ்ந்த காலத்தில் அடிமேல் அடி விழுந்தது. 1943 ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் நேசநாட்டு விமானங்கள் ஹானோவர்மீது குண்டுமாரி பொழிந்தன. மெர்ஸ் கட்டடம் ஓரிரவில் சாம்பலாயிற்று. ஹிட்லரின் ஆள்கள் அழிக்காமல் விட்டதை, ஷ்விட்டர்ஸுக்குப் புகல் தந்த நாட்டின் படையே அழித்தது. 1944 ஆம் ஆண்டில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. அவ்வாண்டு அக்டோபரில் ஹெல்மா புற்றுநோயால் இறந்தார். போர் தொடங்கிய பின் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கண்டிலர்.

1945 ஆம் ஆண்டில், தம்மைப் பேணிவந்த ஈடித் தாமஸ் என்னும் நங்கையுடன் இங்கிலாந்தின் ஏரி நாட்டைச் சேர்ந்த ஆம்பிள்சைடு என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். அவ்வூரார் உருவங்களையும் மலைக்காட்சிகளையும் எழுதிச் சிறுபொருள் ஈட்டினார். அவர் உலகறிந்த கலைஞர் என்பதை அவ்வூரார் அறிந்திலர். 1947 ஆம் ஆண்டில், அறுபது வயது நிறைந்த வேளையில், நியூயார்க் நகரத்துப் புதுக்கலை அருங்காட்சியகம் ஆயிரம் டாலர் அளிப்பதாக அவருக்கு எழுதியது. பழைய கட்டடத்தைப் பழுது பார்க்க என்று எண்ணிய பொருள் அது. பார்ப்பதற்குப் பழைய கட்டடம் எங்கே? அவர் மூன்றாவதைத் தொடங்கினார்.

எல்டர்வாட்டர் என்னும் இடத்தில் ஹாரி பியர்ஸ் என்பாருக்குச் சொந்தமான கல்லாலாகிய கொட்டில் ஒன்று இருந்தது. அதனை அவர் ஷ்விட்டர்ஸுக்கு விட்டுக்கொடுத்தார். மழை ஒழுகும் கூரை. குளிர் தாங்காத சுவர். வேலை செய்பவரோ நோயாளர். ஆயினும் ஷ்விட்டர்ஸ் ஆம்பிள்சைடிலிருந்து வந்து உழைத்தார். அருகிலிருந்த ஓடையின் கற்கள், சாளரச் சட்டம், சிறுவர் வண்டிச் சக்கரத்தின் விளிம்பு, பூவாளியின் துளைமூடி, பந்து, பீங்கான் முட்டை ஆகியவற்றைச் சுவரில் பதித்துச் சாந்து பூசி வண்ணம் இட்டார். கை நடுங்கியது. குளிர்காலமும் வந்தது. ஒரு சுவர்கூட முழுமை பெறவில்லை.

1948 ஆம் ஆண்டு ஜனவரி 7 ஆம் நாள், அவருக்குப் பிரிட்டிஷ் குடியுரிமை வழங்கப்பட்டது என்னும் செய்தி வந்தது. மறுநாள் கெண்டால் நகரத்து மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார்.

நார்வேயில் விட்டு வந்த கட்டடம் 1951 ஆம் ஆண்டில், சிறுவர்கள் தீயோடு விளையாடியதால் எரிந்துபோயிற்று. ஹானோவர்க் கட்டடத்தின் முதன்மையான அறையை 1933 ஆம் ஆண்டின் ஒளிப்படங்களைக் கொண்டு 1980-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் மீண்டும் அமைத்தனர். அந்நகரத்து அருங்காட்சியகத்தில் அதனைக் காணலாம். ஆம்பிள்சைடில் புதைத்த அவர் உடலும் 1970 ஆம் ஆண்டில் ஹானோவருக்குக் கொண்டு செல்லப்பட்டது. எல்டர்வாட்டர்ச் சுவர் மட்டுமே அவர் கைப்பட்டவாறே எஞ்சியது. 1965 ஆம் ஆண்டில் அச்சுவர் முழுவதையும் பெயர்த்து எடுத்து, நியூகாசில் நகரத்துப் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் நிறுத்தினர். கூழாங்கற்களுக்கும் சாந்திற்கும் நடுவே பூவாளியின் துளைமூடியும் பீங்கான் முட்டையும் இன்றும் அதில் உள்ளன.