திருத்தாத படம்

பாரிஸ் நகரத் தெருக்களைப் படம் பிடித்தே ஆயுளைக் கழித்த யூஜீன் அட்ஜே, 1857-ம் வருஷம் பிரான்ஸ் தேசத்தில் லிபூர்ன் என்ற ஊரில் பிறந்தார். இளம் பிராயத்திலேயே பெற்றோரை இழந்தார். கப்பல் வேலை பார்த்தார். நாடகக் கம்பெனிகளில் சில்லறை வேஷங்கள் கட்டினார். கீர்த்தி வரவில்லை. நாற்பது வயதை நெருங்கும்போதுதான் பழைய பாரிஸைப் படம் பிடிப்பதென்று இறங்கினார். ஓவியர்களுக்கு வேண்டிய மாதிரிப் படங்களை விற்பவர் என்பதே அவர் தம்மைப்பற்றிச் சொல்லிக்கொண்டது.

அக்காலத்துப் போட்டோ நிபுணர்களுக்கோ, போட்டோவைச் சித்திரம்போல் காட்ட வேண்டுமென்ற மோகம். மங்கலாக்குவதும் தூரிகையால் மெழுகுவதும் கலை எனப்பட்டன. அட்ஜே அந்தப் பக்கமே திரும்பவில்லை. 18-க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகட்டைக் காகிதத்தின்மேல் வைத்து வெயிலில் காட்டுவார். தகட்டின் அளவே படத்தின் அளவு. மூலைகள் கறுத்திருக்கும். தகட்டைப் பிடித்த கொக்கிகளின் அடையாளம் தெரியும். நடந்து சென்றவர்கள் ஆவிபோல் கலைந்திருப்பார்கள். எதையும் அவர் மறைக்கவில்லை. கோர்ட்டில் பழகியவர்களுக்கு இதன் அருமை விளங்கும்: அடித்துத் திருத்திய தஸ்தாவேஜை எந்த நீதிபதி நம்புவார்?

அத்தகடுகளில் மாளிகை வாசல்களோடு குடை விற்பவனும், தெருவில் வாத்தியம் வாசிப்பவனும், கோட்டைச் சுவருக்கு வெளியே குடிசை போட்டுக் கந்தல் பொறுக்கிப் பிழைத்த குடும்பங்களும் இடம் பெற்றனர். அவர்களை அழகுபடுத்தவுமில்லை, அழுக்காக்கவுமில்லை. ஏழைகளைப்பற்றி மேடையில் உருகுகிற நம்மில் பலருக்கு இந்த நிதானம் கிடையாது.

1914-ல் மூண்ட மகாயுத்தத்தின்போது தகடுகளை நிலவறையில் பத்திரப்படுத்தினார். 1920-ல் 2,621 தகடுகளைப் பிரெஞ்சு சர்க்கார் 10,000 பிராங்குக்கு வாங்கிற்று. 1926-ல் ஒரு புதுமைப் பத்திரிகை, கிரகணம் பார்க்கும் கூட்டத்தை அவர் பிடித்த படத்தை முகப்பில் வெளியிட்டது. தம் பெயரைப் போட வேண்டாமென்று கேட்டுக்கொண்டார்.

அவ்வருஷமே துணைவி வாலன்டீன் காலமானாள். மறுவருஷம் அமெரிக்கப் பெண்மணி பெரினிஸ் ஆபட் அவரைப் படம் பிடித்தார். அப்படங்களைக் காட்டச் சென்றபோது அவர் உயிருடன் இல்லை; 1927 ஆகஸ்டு 4-ந் தேதி இறந்துவிட்டார். எஞ்சிய தகடுகளையும் படங்களையும் ஆபட் அம்மையார் விலைக்கு வாங்கி, நாற்பது வருஷம் காப்பாற்றினார். 1968-ல் அவற்றை வாங்கியது நியூயார்க் நவீன கலைக் காட்சிசாலை. தன் தெருக்களின் சாட்சியத்தில் ஒரு பகுதியைப் பாரிஸ் இவ்வாறு அயல்நாட்டுக்குப் போகவிட்டது.