மகப்பேறு உதவித் திட்டத்தில் வரும் பெயர்: யார் இந்த முத்துலட்சுமி ரெட்டி?

திருவண்ணாமலை மாவட்டம் கீழ்பென்னாத்தூரில் ஒரு பெண் கருவுற்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்கிறார். அங்கே அவர் காதில் விழும் பெயர், 'டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம்'. தமிழ்நாடு முழுக்க இதே பெயர்தான். 2018 முதல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து மொத்தம் 18 ஆயிரம் ரூபாய் உதவி.

பெயர் எல்லாருக்கும் தெரியும். ஆனா, ஒரு குறிப்பிட்ட பிரிவுப் பெண்களுக்காக இவர் சட்டத்தோடு நடத்திய 20 ஆண்டுப் போராட்டம் பலருக்குத் தெரியாது.

புதுக்கோட்டை டு மெட்ராஸ்

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்த சமூகம் அது.

மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேர்வதற்கே எதிர்ப்பு வந்தது. மன்னர் தலையிட்டுத்தான் இடம் கிடைத்தது. பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் மருத்துவப் பட்டம். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியுடன் திருமணம்.

சட்டத்தில் என்ன சிக்கல்?

இன்று கேட்டால் விநோதமாக இருக்கும். அன்றைய சட்டம் எல்லாப் பெண்களையும் ஒரே மாதிரி பார்க்கவில்லை. பொட்டுக்கட்டப்பட்ட பெண் கடவுளுக்கு மணமுடிக்கப்பட்டவர். எனவே வேறு திருமணம் செய்ய முடியாது என்பது வழக்கம். அதேநேரம் மற்ற இந்துப் பெண்களுக்கு இல்லாத சில உரிமைகளும் இவர்களுக்கு இருந்தன. பெண் குழந்தையைத் தத்தெடுக்கலாம், சொத்து தாய் வழியாக மகளுக்குப் போகும்.

குற்றவியல் சட்டம்? இந்திய தண்டனைச் சட்டத்தின் 372, 373 பிரிவுகள் சிறுமிகளைப் பாலியல் தொழிலுக்காக விற்பதையும் வாங்குவதையும் தண்டித்தன. வயது வந்த பெண்ணுக்குப் பொட்டுக்கட்டினால் அந்தப் பிரிவுகள் எட்டாது.

1929: முதலில் நிலம்

1927-ல் முத்துலட்சுமி சென்னை மாகாண சட்டமன்றத்தில் இருந்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் அவர்தான். அவையின் துணைத் தலைவராகவும் தேர்வானார். அந்த ஆண்டு நவம்பரில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

ஆனால் அவர் கொண்டுவந்து நிறைவேறிய முதல் சட்டம் நிலம் பற்றியது. காரணம் எளிது. கோயில் பணிக்காக இந்தக் குடும்பங்களுக்கு இனாம் நிலம் இருந்தது. பணியை விட்டால் நிலமும் போய்விடும். சோறு போடும் நிலத்தை விட்டுட்டு யார் வெளியே வருவாங்க? 1929-ல் இந்து அறநிலையச் சட்டத்தில் வந்த திருத்தம் அந்த முடிச்சை அவிழ்த்தது. இனி பணி செய்யாமலே நிலத்தை வைத்துக்கொள்ளலாம்.

எதிர்த்தவர்கள் யார்?

பழமைவாதிகள் மட்டுமல்ல. இதே பெண்களில் ஒரு பகுதியினரும் எதிர்த்தார்கள். பெங்களூரு நாகரத்தினம்மாள் போன்ற இசைக் கலைஞர்கள் அவர்களில் முக்கியமானவர்கள். கலையும் சொத்துரிமையும் கொண்ட ஒரு மரபை ஒட்டுமொத்தமாகப் பாலியல் தொழில் என்று முத்திரை குத்துவது நியாயமா என்பது அவர்களின் கேள்வி. மறுபக்கம், அதே சமூகத்திலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஒழிப்புக்காக ஊர் ஊராகப் பேசினார்.

1930: வீட்டுக் கதவு

பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் மசோதாவை 1930-ல் அவர் கொண்டுவந்தார். அதே ஆண்டு காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவி விலகினார். மசோதா கிடப்பில் போனது.

அந்தச் சமயத்தில் இந்த வழக்கத்திலிருந்து தப்பிவந்த சிறுமிகளுக்கு விடுதிகளில் இடம் கிடைக்கவில்லை. முத்துலட்சுமி தன் வீட்டிலேயே தங்கவைத்தார். அதுதான் அவ்வை இல்லத்தின் தொடக்கம்.

1947: சட்டம் என்ன சொன்னது?

சுதந்திரம் கிடைத்த ஆண்டில், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் சட்டம் நிறைவேறியது. மசோதா வந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. முக்கிய அம்சங்கள்:

* பொட்டுக்கட்டுதல் சட்டவிரோதம்.
* ஏற்கெனவே பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணும் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளலாம்.
* ஊர்வலத்திலோ வேறு இடத்திலோ ஆடினாலோ பாடினாலோ அந்தப் பெண் திருமணத் தகுதியை இழப்பார் என்ற சில சமூகங்களின் வழக்கம் செல்லாது.
* சடங்கை நடத்துபவர், அனுமதிப்பவர், உடந்தையாக இருப்பவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஒரு நெருடலும் உண்டு. 16 வயது நிறைந்திருந்தால், பொட்டுக்கட்டப்படும் பெண்ணும் தண்டனைக்கு உரியவர் என்றது சட்டத்தின் விளக்கம். யாரைக் காப்பாற்ற வந்ததோ, அவரையே குற்றவாளிப் பட்டியலிலும் வைத்தது. நாகரத்தினம்மாள் தரப்பின் அச்சம் வெறும் கற்பனை இல்லை என்பதற்கு இது ஒரு சாட்சி. திருமண உரிமையும் சட்டப் பாதுகாப்பும் இதே சட்டத்தால்தான் வந்தன என்பதும் உண்மை.

அதன் பிறகு

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் முத்துலட்சுமி. அந்த வலி 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக மாறியது. 1956-ல் பத்மபூஷண். 1968-ல் காலமானார். அவர் பிறந்த ஜூலை 30-ஐ தமிழ்நாடு அரசு 2019 முதல் மருத்துவமனை நாளாகக் கடைப்பிடிக்கிறது.

அவ்வை இல்லம் சென்னை அடையாறில் இன்றும் இயங்குகிறது. கீழ்பென்னாத்தூரில் நிதியுதவிக்குப் பதிவு செய்யும் பெண்ணிடம் அவர் எந்தக் குடும்பத்தில் பிறந்தார் என்று கேட்டு, திருமண உரிமை உண்டா இல்லையா என்று முடிவு செய்ய இப்போது எந்தச் சட்டமும் இல்லை.